எங்கட பாதைக்கு ஒரு மாதிரி ரயில்

2013 செப்ரெம்பர் 14 அன்று ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு ரயில் ஓடினபோது எனக்குப் பத்து வயசு. கனகராயன்குளத்தில் என்னோட படிச்ச பிள்ளையளில் கனபேருக்கு அதுதான் முதல் ரயில். 1990 யூனில் நின்றது திரும்பி வர 23 வருசம் எடுத்திருக்கு. அந்த இடைவெளியில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயிட்டுது.

ஆனால் அதுக்கு முன்னமே நாங்கள் ரயில் செய்தனாங்கள். மீன்ரின்னுக்குச் சோடாமூடிச் சில்லு பூட்டி, நாலைந்தைக் கம்பியால் கொழுவி இழுக்கிறது. ரயிலைக் காணாத பிள்ளையள் செய்த ரயில். அம்மப்பா சொன்ன 'கோச்சி'க் கதைகள்தான் எங்களுக்கு அளவுகோல்.

மாதிரி ரயிலின்ர வரலாறே அளவின் வரலாறுதான். 1891 இல் ஜேர்மனியின் மார்க்ளின் கொம்பனி லைப்சிக் சந்தையில் விளையாட்டு ரயில்களுக்குத் தண்டவாள அகலங்களை ஒழுங்குபடுத்திக் காட்டியது. ஒரு பெட்டி வாங்கினவன் அடுத்த வருசம் இன்னும் கொஞ்சத் தண்டவாளம் வாங்கிப் பொருத்தலாம் என்பதுதான் அதில் வியாபார மூளை. 1920 இல் பிரித்தானியாவில் ஹோர்ன்பி ரயில்கள் வந்தன. பிறகு மேசைக்கு அடங்கும் 16.5 மில்லிமீற்றர் அகலம் பரவியது. 1435 மி.மீ. பாதையை 87 மடங்கு சுருக்கினால் இந்த அளவு சரியாய் வரும். பிரித்தானிய இயந்திரங்கள் உடம்பில் சின்னன், அந்தக் காலத்து மோட்டர் உள்ளுக்குப் போகேல்லை. அதனால் உடம்பை மட்டும் 76 இல் ஒரு பங்காகப் பெருப்பிச்சு, தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். அந்தப் பிழையோடுதான் அங்க இண்டைக்கும் விளையாடினம்!

எங்கட கதை வேற. 1905 இல் காங்கேசன்துறை வரை முழுதாய்த் திறந்த வடபகுதிப் பாதை இந்தியாவைப்போல ஐந்தரை அடி, அதாவது 1676 மி.மீ. பிரித்தானிய அளவில் இதைச் செய்தால் தண்டவாளம் 22 மி.மீ. வேணும். கடையில் கிடைக்கிறது 16.5 தான். மிச்சத்தைக் கையால் போடவேணும், அச்சும் சில்லும்கூட. தொடங்குகிற ஒருவருக்கு அது பெரிய தலையிடி.

கணக்குப் போட்டுப் பார்த்தன். 1676 ஐ 16.5 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 102. எனவே உடம்பை நூறில் ஒரு பங்காய் மட்டையில் வெட்டினால், கடைத் தண்டவாளமே எங்கட அகலப் பாதையாகிவிடும். ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றர், கணக்கும் லேசு. மின்சாரம் 12 வோல்ற்றுக்குள், இரண்டு தண்டவாளமும் வயர்போல வேலை செய்யும். 438 மி.மீ. ஆரையில் ஒரு வட்டம் போட நாலடி அகலப் பிளைவூட் காணும். முழு செற்றையும் முதலே வாங்கிக் காசைக் கரைக்காதேங்கோ, ஒரு பெட்டியைச் செய்து பாருங்கோ.

எட்டடிப் பலகையில் 244 மீற்றர்தான் அடங்கும், அதனால் ஒரு ஸ்டேசனைத்தான் செய்யலாம். நான் 1956 இல் ஓடத் தொடங்கின யாழ்தேவி போன பழைய மாங்குளத்தை எடுத்தன். 1950களில் கனடா தந்த எம்2 டீசல் எஞ்சின்களுக்குப் படம் தேடினால் கிடைக்குது, ஒன்றுக்கு ஒன்ராரியோ என்று பேர்கூட எழுதியிருக்கு. ஸ்டேசனுக்குத்தான் படமில்லை. இடம்பெயர்ந்தவையின்ர அல்பங்கள் எங்கெங்கோ போய்விட்டன. வேறு நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்காரர் வரைபடத்தை விரிச்சு வைச்சுத் தொடங்குவினம். நான் கொப்பியோட வீடுவீடாய்ப் போறன்.

அம்மப்பா பிளாட்போமின் வடக்குப் பக்கம் பெரிய வேம்பு நிண்டது எண்டுறார். பக்கத்து வீட்டு ஆச்சி, 'அது வேம்பில்லைத் தம்பி, புளி' எண்டுறா. இரண்டுபேரும் அந்த நிழலில ரயிலுக்குக் காத்திருந்தவை. பலகையில் அந்த இடத்தில் இப்போதைக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டு வைச்சிருக்கிறன்.