பரிசோதனை முடிவை யாரிடம் சொல்வது? மலைக்கிராமமும் குறுஞ்செய்தியும்

ஏற்காடு மலையின் மஞ்சக்குட்டையில் காப்பித் தோட்ட வேலை செய்பவர், ஒரு முடிவுத்தாளை வாங்கச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கினால் அன்றைய கூலி போய்விடும். பேருந்துச் செலவு தனி. இந்தச் சுமையைக் குறுஞ்செய்தி குறைக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததையே நோயாளி தெரிந்துகொண்டதாகக் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத் தாமே பயன்படுத்தும் கைப்பேசி இல்லை. பதிவேட்டில் ஏறும் எண் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கக்கூடும். பரம்பரை ரத்த நோயான அரிவாள் அணுச் சோகையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. 2023 ஜூலை 1இல் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கத்தின் 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்நோயின் மரபுக்கூற்றைச் சுமப்பவர் நோயாளி அல்லர். தாய் தந்தை இருவருமே சுமந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. இந்த விளக்கம் இல்லாமல் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் முடிவு சித்தப்பாவின் கைப்பேசியில் வந்து விழுந்தால், அவளுடைய கல்யாணப் பேச்சு நின்றுபோகலாம். எச்ஐவி நிலையை உரியவரின் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதே கவனம் இந்தப் பெண்ணுக்கும் வேண்டும்.

விளக்கத்தையும் சேர்த்தே அனுப்பலாமே எனலாம். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 இடங்கள்தான். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி இடம் பிடிப்பதால் ‘மஞ்சக்குட்டை’ என்ற ஊர்ப்பெயருக்கே 12 இடங்கள் போய்விடும். நீண்ட செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும், செலவும் ஏறும். சுருக்கினாலோ ஆங்கிலக் குறியீடுகளே மிஞ்சும்.

நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ‘உடனே வரவும்’ என்று அனுப்புவதும் தீர்வாகாது. அந்த அழைப்பே வீட்டாருக்கு முடிவைச் சொல்லிவிடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே வாசகம் போகவேண்டும்: ‘பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கிராம செவிலியரைப் பாருங்கள்.’ இதற்கு 58 இடங்கள் போதும். முழு முடிவு கிராம சுகாதாரச் செவிலியரிடம் போகட்டும். சாம்பியாவில் குழந்தைகளின் எச்ஐவி முடிவுகளைத் தாய்க்கு அனுப்பாமல் சுகாதார நிலையத்துக்கே குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். 2012இல் வெளியான ஆய்வு, சராசரிக் காத்திருப்பு 44.2 நாளிலிருந்து 26.7 நாளாகக் குறைந்ததைக் காட்டியது.

லண்டன் பாலியல் நோய் மருத்துவமனை ஒன்றில் நோயாளிக்கே நேராகச் செய்தி அனுப்பியதில் சிகிச்சை விரைவாகத் தொடங்கியது என்பது 2006ஆம் ஆண்டு ஆய்வு. உண்மைதான். சொந்தக் கைப்பேசியும் படிக்கும் பழக்கமும் உள்ளவர் கேட்டால் முழு முடிவையும் அனுப்பத்தான் வேண்டும். அந்த விருப்பத்தை ரத்தம் எடுக்கும்போதே கேட்டுப் பதியவேண்டும். ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் செவிலியருக்கு இது கூடுதல் வேலை என்பதையும் மறுக்கவில்லை. அதற்கு ஆள் போடுவது அரசின் கடமை. பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் சேர்ந்தால் போதும்: இந்த எண் யாருடையது, முடிவை நேரில் சொன்ன நாள் எது.