ஐம்பது டாலர் குற்றம்

போக்குவரத்துக் காவலர் கை காட்டினால் வண்டியை ஓரங்கட்டுவேன். லைசென்ஸை எடுக்கும் முன்பே கை துப்பட்டாவைச் சரிசெய்துவிடும். இருபது வருடப் பழக்கம். நடுத்தெருவில் நிறுத்தப்படுவது எனக்கு ஒருபோதும் வெறும் ஆவணச் சோதனையாக இருந்ததில்லை. கெயில் அட்வாட்டர் வழக்கைத் தேடிப் படித்தது அதனால்தான்.

1997 மார்ச். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லாகோ விஸ்டா என்ற சிற்றூர். அட்வாட்டர் தன் மூன்று வயது மகனையும் ஐந்து வயது மகளையும் முன் இருக்கையில் உட்காரவைத்து வண்டி ஓட்டிவந்தார். மூவரும் சீட் பெல்ட் போடவில்லை. குற்றம்தான். ஆனால் அதற்கு அதிகபட்ச தண்டனை 50 டாலர் அபராதம்; சிறை கிடையாது. சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நிறுத்திய காவலரோ கத்தினார், சிறைக்குத்தான் போகிறாய் என்றார். லைசென்ஸ் இருந்த கைப்பை முந்தைய நாள் திருடுபோயிருந்தது. அழுத பிள்ளைகளைப் பக்கத்திலிருந்த தோழி வீட்டில் விட்டுவரக் கேட்டார், அனுமதி இல்லை. செய்தி தெரிந்து தோழியே வந்து அழைத்துப்போனார். (அந்தத் தோழிக்குத் தீர்ப்பில் ஓரிரு வரிதான்.) அட்வாட்டரின் கைகள் பின்னால் விலங்கிடப்பட்டன. காவல் நிலையத்தில் காலணி, நகை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். சுமார் ஒரு மணி நேரம் தனியறையில் அடைத்த பிறகு, 310 டாலர் பிணையில் விட்டார்கள்.

சீட் பெல்ட் குற்றச்சாட்டை அவர் எதிர்க்கவில்லை. 50 டாலர் கட்டினார். கைதை எதிர்த்து வழக்குப் போட்டார். மாணவிகள் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அபராதம் சரியா என்பது ஒரு கேள்வி, நிறுத்தியவர் நடந்துகொண்டது சரியா என்பது வேறு கேள்வி. முதலாவதை ஒப்புக்கொண்டவருக்கும் இரண்டாவதைக் கேட்க உரிமை உண்டு.

2001 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5–4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டர், அவர் பட்டது வீண் அவமானம் என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டபின், காவலர் கண்ணெதிரே நடந்த குற்றம் எவ்வளவு சிறியதானாலும் கைது செய்யலாம் என்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். மாறுபட்ட தீர்ப்பை சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். ரூத் பேடர் கின்ஸ்பர்க் உடன்பட்டார். அன்று நீதிமன்றத்தில் இருந்த இரண்டே பெண் நீதிபதிகள். பெண்கள் என்பதால்தான் என்று சொல்லமாட்டேன், இரண்டு ஆண்களும் அவர்களோடு இருந்தார்கள். எல்லையில்லாத இந்த அதிகாரம், இனம் பார்த்து வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு வசதியாகிவிடும் என்று ஓ'கானர் எச்சரித்தார்.

2015 ஜூலை. அதே டெக்சாஸ். சிக்னல் போடாமல் தடம் மாறியதற்காக, 28 வயதுக் கறுப்பினப் பெண் சாண்ட்ரா பிளாண்ட் நிறுத்தப்பட்டார். தரவிருந்தது எச்சரிக்கைச் சீட்டு மட்டுமே. சிகரெட்டை அணைக்கச் சொன்ன காவலரிடம், என் காரில் நான் ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்டார். உடனே இறங்கச் சொன்னார் காவலர். ஓட்டுநரை இறங்கச் சொல்லும் அதிகாரத்தை 1977லேயே உச்ச நீதிமன்றம் காவலர்களுக்குக் கொடுத்திருந்தது. காவலரைத் தாக்கியதாகக் கைதான அவர், மூன்றாம் நாள் சிறையறையில் இறந்துகிடந்தார். தற்கொலை என்றது பிரேதப் பரிசோதனை.

2017இல் அவர் பெயராலேயே டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது. அபராதம் மட்டுமே உள்ள குற்றங்களுக்குக் கைது கூடாது என்ற பிரிவு அதன் முதல் வரைவில் இருந்தது. நிறைவேறுவதற்குள் அதை எடுத்துவிட்டார்கள்.