உதவி கேட்டால் போலீஸ் வருமா? பதின்ம வயதினரைத் தடுக்கும் மூன்று பயங்கள்

மனசுக்குள்ள ‘வாழவே பிடிக்கல’ன்னு ஓடும். யாராவது கேட்டால், ‘ஒன்னுமில்ல, டயர்டா இருக்கு’ன்னு பதில் வரும். உங்களுக்கும் இப்படி இருந்தால், நீங்கள் தனி ஆள் இல்லை. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்தது தெரிந்தது. 2017இல் அது பத்தில் ஒருவர்.

பிறகு ஏன் உதவி கேட்கத் தயக்கம்?

போலீஸ் கேஸ் ஆகுமா?
ஆகாது. முன்பு தற்கொலை முயற்சி, தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவின் கீழ் குற்றம். 2023இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. எண்ணத்தை வெளியே சொல்வதும் குற்றமல்ல.

வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா?
பள்ளி கவுன்சலர் பொதுவாக ரகசியம் காப்பார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ சொல்லியாக வேண்டும். அது போட்டுக்கொடுப்பது அல்ல, பாதுகாப்பு. “எதை யார்கிட்ட சொல்வீங்க, டீச்சர்?” என்று முதலிலேயே கேட்கலாம். பிஃபிரெண்டர்ஸ் அமைப்புக்குப் போன் செய்தால் பெயர்கூட சொல்ல வேண்டாம்.

‘பைத்தியம்’னு சொல்வாங்களா?
ஜொகூர் பாருவில் தம்போய் என்றாலே பெர்மாய் மனநல மருத்துவமனையைச் சொல்லிக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் உதவி அங்கேதான் தொடங்க வேண்டும் என்றில்லை. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானிலேயே மனநலப் பரிசோதனை செய்யலாம். மனச்சோர்வு சிகிச்சையால் குணமாகக்கூடியது.

தனியா சமாளிக்கலாமா?
பாட்டு, ஃபுட்சால், கேம் எல்லாம் ஒரு மோசமான நாளைக் கடக்க உதவும். எண்ணம் திரும்பத் திரும்ப வந்தாலோ, ‘எப்படி, எப்போது’ என்று மனம் யோசித்தாலோ, தனியாக இருக்காதீர்கள். இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மா அப்பாவிடம் முடியாவிட்டால் அக்கா, மாமா, டீச்சர் யாராக இருந்தாலும் சரி.

நண்பர் சொன்னால்?
“சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். கூடவே இருந்து, நம்பகமான பெரியவரிடம் சொல்லுங்கள்.

உதவிக்கு அழைக்க
தாலியான் ஹீல்: 15555
தாலியான் காசே: 15999
பிஃபிரெண்டர்ஸ்: 03-7627 2929
உடனடி ஆபத்து என்றால்: 999