கண்வலிக்கிழங்கும் கண்ணாடிக் குழாயும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற 99 பூக்களில் முதல் பூ செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப் பூ. எங்க ஊர்ப் பக்கம், அதாவது ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் செம்மண் காடுகளில், இந்தப் பெருமையெல்லாம் கிடையாது. இங்கே அது கண்வலிக்கிழங்கு. உற்றுப் பார்த்தால் கண் வலிக்குமாம், அதான் பேர். "கண்வலி இந்த வருஷம் என்ன போகுது?" என்று ஒருத்தர் கேட்டால் அவர் கேட்பது விதையின் விலையை. பூவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வேலியோரம் தானாகப் படர்ந்து கிடந்த கொடி இது. இப்போது ஆடிவாக்கில் கிழங்கு ஊன்றி, கம்பி கட்டி ஏற்றிவிடுகிறார்கள். பூக்கிற நாட்களில் காலையிலேயே ஆட்கள் இறங்கி, ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவில் கையாலேயே வைக்க வேண்டும். வண்டை நம்பினால் காய் பிடிக்காது. தை, மாசியில் காய் பறித்து, உலர்த்தி, உடைத்து விதை எடுப்பார்கள். ஒரு வருஷம் கிலோ மூவாயிரத்தைத் தாண்டும், இன்னொரு வருஷம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு விழும். வாங்குகிறவர் விதையைக் கையில் அள்ளிப் பார்த்து, காய்ச்சல் போதாது, நிறம் மங்கல் என்று ஏதாவது சொல்வார். ஆனால் அந்த விதைக்கு விலை கொடுப்பது நிறமோ காய்ச்சலோ இல்லை. உள்ளே ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கிற கால்சிசின் என்ற ஆல்கலாய்டும், அதன் நெருங்கிய உறவான கால்சிகோசைடும்தான். அது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு 150 வருஷம் பிடித்தது.

கால்சிசின் முதலில் கிடைத்தது ஐரோப்பாவின் கால்சிகம் என்ற செடியிலிருந்து. 1820ல் பெல்த்தியே, காவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். (அதே ஆண்டு சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்ததும் இவர்களே.) நம்ம ஊர்ச் செடியின் கதை வேறு. 1880ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டன் இந்தக் கிழங்கை ஆராய்ந்து, ஒரு கசப்புப் பொருளை எடுத்து 'சூப்பர்பின்' என்று பெயர் வைத்தார். அது புதிய பொருள் என்றே நினைத்தார்கள். 1915ல் க்ளூவர், க்ரீன், டுட்டின் என்ற மூவர்தான் இந்தக் கிழங்கில் இருப்பது கால்சிசின் என்று காட்டினார்கள். 35 வருஷம் ஒரு விஷம் தப்பான பெயரில் புத்தகங்களில் இருந்திருக்கிறது. வார்டனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கிழங்குச் சாற்றில் நூறு பொருள் இருக்கும். காய்ச்சி, வடித்து, படிகமாக்கி எடுக்கிற காலத்தில் கையில் கிடைத்தது ஒன்றா, நாலின் கலவையா என்று யாரால் சொல்ல முடியும்?

பிரிக்கிற வித்தையைக் கண்டுபிடித்தவர் மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1903ல் வார்சாவில் இதைப் பற்றிப் பேசினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, மேலே இலைச்சாற்றை ஊற்றி, ஒரு கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தார். பச்சை ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை என்று சாறு தனித்தனியாகப் பிரிந்து இறங்கியது. 1906ல் குரோமட்டோகிராபி என்று பெயரும் வைத்தார். வண்ண எழுத்து என்று பொருள். ஸ்வெட் என்றால் ரஷ்ய மொழியில் வண்ணம்தான், ஆக மனுஷன் தன் பேரையே வைத்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். 1919ல் செத்துப்போனார். அதுவரை பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1931ல் கூனும் லெடரரும் கரோட்டீனைப் பிரிக்க இந்த முறையைத் தூசி தட்டி எடுத்த பிறகுதான் அது பிழைத்தது. 1941ல் மார்ட்டினும் சிஞ்சும் இங்கிலாந்தில் கம்பளி ஆராய்ச்சிக்கு நடுவே இதை வேறு தளத்துக்கு எடுத்துப் போனார்கள். 1952ல் நோபல் பரிசு. அறுபதுகளின் பிற்பாதியில் ஹார்வாத், கிர்க்லாண்ட் போன்றவர்கள் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் எஃகுக் குழாய், புவியீர்ப்புக்குப் பதில் பம்ப் என்று மாற்றியதுதான் இன்றைய ஹெச்.பி.எல்.சி.

வேலை எப்படி நடக்கிறது? தைப்பூசத்துக்கு எங்க ஊர் வழியாகப் பழனிக்குப் போகிற பாதயாத்திரையைப் பார்த்தவர்களுக்குச் சுலபம். நூறு பேர் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். ஒருத்தர் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், அன்னதானம் எதையும் விடுவதில்லை. இன்னொருத்தர் எங்கேயும் நிற்பதில்லை. மலையடிவாரத்தில் யார் எப்போது வந்து சேர்கிறார் என்று பார்த்தாலே யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். குழாய்க்குள் இருக்கிற சிலிக்கா துகள்கள்தான் பந்தல்கள். தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே தள்ளிக்கொண்டு போகிறது. கால்சிசின் ஒரு நிமிஷத்தில் வெளியே வரும், கால்சிகோசைடு வேறொரு நிமிஷத்தில். வாசலில் புறஊதா ஒளி காவல் நிற்கிறது. திரையில் ஒரு மேடு எழும். சுத்தமான கால்சிசின் அதே நிமிஷத்தில் எழுப்பும் மேட்டோடு அதன் பரப்பை ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும். பழைய முறைகளில் ஆல்கலாய்டு மொத்தத்தையும் சேர்த்து எடை போடத்தான் முடிந்தது.

விதையில் இது எளிது. விதையை அரைத்து, எண்ணெயை நீக்கி, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினால் சாறு தயார். மனித ரத்தத்தில்தான் சோதனை. யூரிக் அமில மூட்டுவலிக்குக் கால்சிசின் மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ரத்தத்தில் இருக்கிற புரதங்களை முதலில் திரளவைத்து, சுழற்றி அடியில் படியவிட்டு, மேலே தெளிகிற நீரை மட்டும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்படியும் புறஊதாக் கண் தடுமாறும். வாசலில் நிறைமானியை நிறுத்திய பிறகுதான் இது திடமாகக் கைவந்தது. ஜான் ஃபென் 2002ல் நோபல் வாங்கியது அந்த இணைப்பைச் சாத்தியமாக்கிய வழிக்காக.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கொன்றிருக்கிறது. வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. முதல் நாள் வாந்தியும் பேதியும் காலரா மாதிரி இருக்கும். பிறகுதான் ஒவ்வொரு உறுப்பாகப் படுக்கும். பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து முடி கொட்டும். 1966ல் இலங்கை மருத்துவர் குணரத்ன பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது அப்படி உடம்பெல்லாம் முடி உதிர்ந்த ஒருவரைப் பற்றித்தான். கிழங்கைத் தின்றதாக யாராவது சொன்னால் டாக்டர் புரிந்துகொள்வார். சொல்ல ஆள் இல்லையென்றால்? கால்சிசின் ரத்தத்தை விட்டு வேகமாகத் திசுக்களுக்குள் போய்விடும். பித்தநீரிலும் சிறுநீரிலும் தேடினால் கிடைக்கும், ஆனால் அதைத்தான் தேட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். பிரேதப் பரிசோதனைக் குப்பியோடு போகிற தாளில் 'விஷம்' என்று மட்டும் இருந்தால் பூச்சிமருந்தைத்தான் முதலில் தேடுவார்கள். கருவி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

அதே பொருளின் மறுபக்கம் அமெரிக்காவில் நடந்தது. காலங்காலமாக மாத்திரை ஒன்று பத்து சென்ட்டுக்குள் விற்ற கால்சிசினுக்கு, 2009ல் எஃப்.டி.ஏ. ஒரு நிறுவனத்துக்குத் தனி அனுமதி கொடுத்தது. விலை ஐந்து டாலரை ஒட்டி ஏறியது. 2023ல் இதய நோய்க்கும் குறைந்த அளவு கால்சிசினை அங்கே அனுமதித்தார்கள். அந்த மாத்திரைகளின் மில்லிகிராம் ஒவ்வொன்றும் குரோமட்டோகிராபியில் அளந்து சான்று பெற்றது.

நான் கேட்டவரைக்கும், எங்க பக்கத்து விவசாயிகள் யாரும் தங்கள் விதைக்கு அப்படியொரு சான்றைப் பார்த்ததில்லை. ஆலைக்குள் அந்த அளவு தெரியும், காட்டில் தெரியாது. அரசே கொள்முதல் விலை வைக்க வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டதில் இன்னொன்றையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்: ஒட்டன்சத்திரத்தில் ஒரு பரிசோதனைக் கூடம், ஒரு பம்ப், ஒரு எஃகுக் குழாய். ஒரு பிடி விதையைக் கொடுத்தால் சதவீதத்தை எழுதிக் கொடுக்கிற ஒரு ஆள்.