ஏணியில் இல்லாத படி: சேலத்துச் சமவெளியிலிருந்து லீக் ஆட்டம் வரை

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றான அஸ்தம்பட்டியில், காந்தி சாலையை ஒட்டி அமைந்த மகாத்மா காந்தி விளையாட்டரங்கம் மாவட்டத்தின் விளையாட்டு நிர்வாகத்துக்கு நெடுங்காலமாக முகமாக விளங்கிவருகிறது. ஆயினும் இந்த மாவட்டத்திலிருந்து உலக அரங்கை எட்டிய வேகப்பந்து வீச்சாளரான தங்கராசு நடராஜன் உருவானது, சேலத்துக்கு மேற்கே நெசவுத்தறிகளுக்குப் பேர்போன வட்டாரத்திலுள்ள சின்னப்பம்பட்டியின் மண் திடலில்தான். ஊர் அணிக்கும் தொழில்முறை லீகுக்கும் இடையிலான ஏணி தமிழ்நாட்டில் எவ்வாறு கட்டப்பட்டது, அதன் நடுப்படிகள் ஏன் சென்னையிலேயே நின்றுவிட்டன என்பதை விளக்க இந்தப் பாதை நல்ல சான்றாகும்.

ஏணி முறையாக அமைந்த நாட்டை முதலில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஜெர்மனியில் விளையாட்டின் அடிப்படை அலகு பள்ளியன்று. ‘ஃபெரைன்’ எனப்படும், சட்டப்படி பதிவுபெற்று உறுப்பினர் சந்தாவில் நடக்கும் ஊர்க் கழகமே. கூடைப்பந்தில் 16 வயதுக்கும் 19 வயதுக்கும் உட்பட்டோருக்கெனத் தனித்தனி நாடளாவிய லீகுகளும், அவற்றுக்கு மேல் கீழ்நிலைப் பிரிவுகளும், உச்சியில் 1966இல் தொடங்கிய புண்டஸ்லிகா என்னும் முதல்நிலை லீகும் அடுக்கப்பட்டுள்ளன. 1993இல் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்த டென்னிஸ் ஷ்ரோடரை, பூங்காவொன்றில் சறுக்குப்பலகையோடு திரிந்த சிறுவனாகக் கண்டுபிடித்தவர் லிவியு காலின் என்ற பயிற்சியாளர். அந்தக் கண்டுபிடிப்பில் தற்செயல் இருந்தாலும் அதன் பின் நடந்ததில் தற்செயல் குறைவு. சிறுவனைக் கண்டவர் கழகத்தின் ஆள் என்பதால் அடுத்த படி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஷ்ரோடர் அதே நகரின் இளையோர் அணி, இரண்டாம் அணி, புண்டஸ்லிகா அணி என ஏறி, 2013இல் அமெரிக்காவின் என்.பி.ஏ.வுக்குப் போனார். 2023 உலகக் கோப்பையை ஜெர்மனி வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் ஏணியோ மேலிருந்து கீழ்நோக்கிக் கட்டப்பட்டது. 1846இல் ஆங்கிலேயர் தமக்கென மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பை அமைத்தனர். இந்தியருக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவியவர் புச்சிபாபு நாயுடு. பின்னர் 1930களில் மாகாணச் சங்கமும் அதன் லீகும் உருவாகின. அந்தச் சங்கத்தின் முதல் தலைவரும், 1938 முதல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தலைமை தாங்கியவருமான பி. சுப்பராயன், இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததும் அன்று சேலத்துக்கு உட்பட்டதுமான குமாரமங்கலத்தின் ஜமீன்தார் என்பது கவனிக்கத்தக்கது. இந்தச் சமவெளியின் மனிதர் ஒருவர் சங்கத்தின் உச்சியில் அமர்ந்திருந்த காலத்திலும், சமவெளியிலிருந்து மேலேறும் வழி மட்டும் அமையவில்லை. லீக் என்றால் சென்னை, ஆடுகளம் என்றால் சேப்பாக்கமும் அதன் சுற்றுப்புறமும் என்றே பல தலைமுறைகள் கழிந்தன.

லீகை வளர்த்தவை நிறுவன அணிகள். ஆட்டக்காரருக்கு வேலையும் சம்பளமும் கொடுத்துத் தம் பெயரில் ஆடவைத்த வங்கிகளும் தொழிற்சாலைகளுமே சென்னைக் கழகங்களின் முதுகெலும்பாயின. கூடைப்பந்திலும் இதே வழக்கம்தான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தெற்கு ரயில்வேயும் ஆட்டக்காரருக்குத் தந்தது வேலை, தொழில்முறை ஒப்பந்தமன்று. சென்னை லீகின் புகழ்பெற்ற அணிகளுள் ஒன்றான ஜாலி ரோவர்ஸ் 1960களிலிருந்து சன்மார் குழுமத்தின் ஆதரவில் இயங்குவது; அந்தக் குழுமத்தின் கெம்பிளாஸ்ட் ஆலை நிற்பதோ சேலம் மாவட்டத்து மேட்டூரில். ஆலை இங்கும் அணி அங்குமாக இருந்த இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் மாவட்டத்தின் நிலைமையைச் சுருக்கமாக உணர்த்தும் எடுத்துக்காட்டு வேறில்லை.

சென்னைக்கு வெளியே வளர்ந்தது டென்னிஸ் பந்து ஆட்டம். முறையான கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள தோல் பந்து. அதற்குக் கால்காப்பு, கையுறை, பராமரித்த ஆடுகளம் எல்லாம் வேண்டும். 60 கிராமுக்கும் குறைந்த டென்னிஸ் பந்துக்கு இவை எதுவும் தேவையில்லை. அறுவடை முடிந்த வயலோ வற்றிய ஏரியின் படுகையோ போதும். அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டி, ஒரு பக்கத்துக்குச் சில ஓவர்களே கொண்ட ஆட்டங்களில் கோப்பைக்கும் ரொக்கப் பரிசுக்கும் மோதுவதும், பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் டோர்னமெண்ட் நடப்பதும், நல்ல பந்துவீச்சாளரை வெளியூரிலிருந்து பணம் கொடுத்து வரவழைப்பதும் இவ்வட்டாரங்களில் ஊறிப்போன வழக்கங்கள். ஆட்டத்துக்கு நேரடியாகக் காசு பெறும் முறை, தொழில்முறை லீக் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே ஏணியின் அடியில், எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் ஏறாமல் நடந்துவந்தது என்பதை விளையாட்டு வரலாறு எழுதுவோர் போதிய அளவு பொருட்படுத்தியதில்லை.

இந்த ஆட்டம் தனக்கே உரிய ஒரு கலையையும் வளர்த்தது. இலேசான பந்து துள்ளி எழும். துள்ளிய பந்தை நாட்டுத் திடலின் குறுகிய எல்லைக்கு மேல் தூக்கியடிப்பது எளிது. ஆகவே அடிவாங்காமல் தப்ப விரும்பும் பந்துவீச்சாளர், மட்டையாளரின் கால்விரலை ஒட்டி, மட்டையின் அடிமுனைக்குக் கீழே நேராக விழும் பந்தை வீசப் பழகியாக வேண்டும், அதுவே யார்க்கர். இலங்கையின் ரத்கம என்ற கடலோர ஊரில் மென்பந்து ஆடி வளர்ந்த லசித் மலிங்கவும் இதே பள்ளியின் மாணவரே. தோல் பந்துப் பயிற்சி கிடைக்காதது ஒரு குறை. அந்தக் குறையே யார்க்கரைக் கொடுத்தது.

நெசவுத் தொழிலாளியான தந்தைக்கும் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்திய தாய்க்கும் பிறந்த நடராஜன், ஏறத்தாழ இருபது வயதுவரை டென்னிஸ் பந்தே ஆடினார். அவர் திறமையைக் கண்டவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். பிரவுன்ஷ்வைக்கின் காலினுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு பார்வையில் இல்லை. காலினுக்குப் பின்னால் ஒரு கழகம் இருந்தது. ஜெயப்பிரகாஷிடம் கொடுக்க அடுத்த படி என்று எதுவும் இல்லாததால், இளைஞரைச் சுமார் 340 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. அங்கே நான்காம் டிவிஷனில் ஆடிய பி.எஸ்.என்.எல். அணியில் தொடங்கி, விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ் என ஏறிய நடராஜன், 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். அதையடுத்து அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியதென நடுவர்கள் தெரிவித்தனர். வீசும்போது முழங்கை அனுமதித்த அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறதா என்பதே இத்தகைய புகார்களில் எழும் கேள்வி. முறையை மாற்றியமைக்க அவருக்கு நெடுநாள் பிடித்தது. இந்த இடத்தில் சென்னையின் பயிற்சியாளர்கள் செய்த உதவியை எந்த மண் திடலும் செய்திருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2016இல் ஊர்களின் பெயர் தாங்கிய எட்டு அணிகளோடு தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதும் நிலைமை மாறியது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக வீசிய யார்க்கர்கள் தொலைக்காட்சியில் எல்லோர் கண்ணிலும் பட, மறு ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு அவரைப் பஞ்சாப் அணி எடுத்தது. 2018இல் ஐதராபாத் அணிக்கு மாறியவர், இரண்டு ஆண்டு ஆட வாய்ப்பின்றி உட்கார்ந்திருந்தபின், 2020இல் 16 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், காயமுற்றோருக்கு மாற்றாக டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டத்திலும், டிசம்பர் 4இல் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேன் டெஸ்ட்டிலும் களமிறங்கி, ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியரானார்.

அதன்பின் படிகள் சில கீழிறங்கி வந்துள்ளன. வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் திடல் 2020இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தூத்துக்குடியின் பெயரில் ஆடிய லீக் அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிற்று. ஷ்ரோடர் தம் நகரின் புண்டஸ்லிகா அணியை விலைக்கு வாங்கியதுபோல, நடராஜன் சின்னப்பம்பட்டியில் தம் பணத்தில் ஒரு திடல் அமைத்தார். 2023 ஜூனில் அதைத் திறந்துவைத்தவர் தினேஷ் கார்த்திக். ஜெயப்பிரகாஷின் பெயர் எந்த லீகின் பதிவேட்டிலும் பயிற்சியாளராக இல்லை. நடராஜன் சட்டையின் முதுகில் மட்டும் ‘ஜே.பி. நட்டு’ என்று அச்சிடப்பட்டிருந்தது.