லயமும் பங்களாவும்

லண்டன் மாநகரில் உழைப்பாளர் வாழ்ந்த சில வட்டாரங்களில், நடுத்தர வகுப்பினர் பழைய வீடுகளை வாங்கிப் புதுக்கத் தொடங்கினர். வாடகை ஏறியது, பழைய குடிகள் வெளியேறினர். 1964இல் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் இம்மாற்றத்துக்கு 'ஜென்ட்ரிபிகேஷன்' என்று பெயரிட்டார். கனவான்களின் குடியேற்றம் எனத் தமிழிற் கூறலாம். நகரத்துக்குரிய அச்சொல்லைத் தேயிலை மலையில் உரைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலனாகும்.

அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் உள்ளது டயகம. இத்தகைய தோட்டங்களில் துரைக்குப் பூந்தோட்டத்துடன் பங்களா. தொழிலாளர் குடும்பத்துக்கோ லயத்தில் 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. அதற்கு வாடகை இல்லை. இதைச் சலுகை என எண்ணுவோர் உளர். ஆனால் வாடகை இல்லாத காரணத்தால் வாடகைக் குடிக்குரிய உரிமையும் இல்லாமற் போயிற்று. பேர் வெட்டப்பட்டால் வேலையோடு கூரையும் போகும். லண்டனில் வாடகை செய்த வேலையை இங்கே பேரேட்டில் இழுத்த ஒரு கோடு செய்தது.

அதனினும் வலிய கோட்டைச் சட்டம் இழுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். கிளாஸ் அம்மையார் அச்சொல்லை வழங்கிய அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர்க்கு விடப்பட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த லயத்தைப் பிரிந்தோர் ஏறிய புகைவண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்று மக்களே பெயரிட்டனர்.

இருந்தோருக்கும் நிலம் உறுதியாகவில்லை. 1977 மே மாதம், தோட்ட நிலம் 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார்.

2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கப் பகுதியில் துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாயின. அதனால் லயத்தினர் எவரும் வெளியேற வேண்டியதில்லை, வாடகைதான் இல்லையே! ஆயினும் மலையின் மதிப்பு ஏறும்போது அதில் அவர்களுக்குப் பங்குமில்லை. விற்கவோ, விற்க மறுக்கவோ காணி உறுதி வேண்டும். இந்திய உதவியால் எழுந்த தனி வீடுகளுக்கு 7 பேர்ச் காணி என்று வகுக்கப்பட்டது. வீட்டுச் சாவியை வாங்கியவர்கள் அடுத்துக் கேட்டது அந்த 7 பேர்ச்சுக்குரிய உறுதியைத்தான்.