கரிசல் பருத்தியும் பிரித்தானியத் தொழில் வல்லரசும்

இளையரசனேந்தல், கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கரிசல்காட்டு ஊர். ஜமீன் ஊராக இருந்தது. சங்கரன்கோவில் வட்டத்தோடு சேர்ந்திருந்த இப்பகுதி, பின்னர் வருவாய் நிர்வாகத்தில் கோவில்பட்டி வட்டத்துக்கு மாற்றப்பட்டது. இவ்வட்டாரத்தின் மானாவாரிப் பருத்தியை 19ஆம் நூற்றாண்டின் வணிகர்கள் 'தின்னவேலி' (திருநெல்வேலி) என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்றார்கள். பிரித்தானியப் பேரரசின் தொழில் வலிமை எழுந்ததையும் சரிந்ததையும் இந்தப் பருத்தியின் பாதையிலேயே பின்தொடர முடியும்.

பேரரசின் வலிமைக்கு அடித்தளம் இங்கிலாந்தின் லங்காசயர் பகுதி நூற்பாலைகள். அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் ஒரு கிலோகூட அங்கே விளையவில்லை. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, அந்நாட்டுப் பஞ்சு வரத்து நின்றதும், ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். வணிகர்கள் இந்தியப் பருத்தியைத் தேடினார்கள். விலை பன்மடங்கு ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. எங்கோ நடந்த போர் கரிசல் சம்சாரியின் வரவுசெலவை ஆட்டிவைத்தது. நெல்லைச் சீமையில் விளைந்த உப்பமும் கருங்கண்ணியும் குட்டை இழை ரகங்கள். மான்செஸ்டரின் மெல்லிய நூலுக்கு அவை அவ்வளவாகப் பொருந்தவில்லை.

1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்தது. கோவில்பட்டி அதில் ஒரு நிலையம். பருத்திப் பொதிகள் துறைமுகத்தை எளிதில் அடைந்தன. இந்தியா பஞ்சை அனுப்பித் துணியை வாங்க வேண்டும் என்பதே ஏற்பாடு. 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு வரி விதித்தபோது, இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு கலால் வரி போட்டார்கள். லங்காசயருக்குச் சலுகை காட்டவே இது செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. அந்தக் கலால் 1926 வரை நீடித்தது.

ஆனால் அந்த ஏற்பாட்டைக் குலைத்தவர்களில் பிரித்தானியரும் இருந்தனர். ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள், பருத்தி விளையும் சீமையிலேயே நூற்க முடிவு செய்தார்கள். 1880களில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பிப் பாபநாசத்தில் ஓர் ஆலை, தூத்துக்குடியில் கோரல் மில். பின்னர் மதுரையிலும் ஓர் ஆலை. லாபம் ஹார்விகளுக்குத்தான் போயிற்று. ஆனாலும் தொழில்நுட்பமும் கைத்திறனும் இங்கே வேர்விட்டன. கூலியும் வேலை நேரமும் கொடுமையாக இருந்தன. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றார்கள். கூலி உயர்வு கிடைத்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்றும் போதிய அளவு கொடுக்கப்படவில்லை. கடல் வாணிகத்திலும் 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி பிரித்தானிய ஏகபோகத்தை எதிர்த்து நின்றது. 1908 மார்ச் மாதம் வ.உ.சி. கைதானார், அதற்கு மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. சிறையில் அவர் செக்கிழுக்க வைக்கப்பட்டதும், கம்பெனி முடங்கியதும், தொழில் ஆதிக்கத்தை அடக்குமுறையால் காப்பாற்றிய பேரரசின் உண்மை முகம்.

உலக உற்பத்தியில் பிரித்தானியாவின் பங்கு 1880இல் ஏறத்தாழ 23 விழுக்காடு, 1913இல் சுமார் 14 என்பது வரலாற்றாளர் பால் பைரோக்கின் மதிப்பீடு. அமெரிக்காவும் ஜெர்மனியும் முந்திவிட்டன. எனினும் துணி ஏற்றுமதியின் உச்சம் 1913தான்; அவ்வாண்டு லங்காசயரிலிருந்து சுமார் 700 கோடி கெஜம் வெளியேறியது. அதில் இந்தியா வாங்கியது ஏறக்குறைய 300 கோடி கெஜம். முதல் உலகப் போர், ஜப்பானியப் போட்டி, இந்திய ஆலைகளின் வளர்ச்சி, அந்நியத் துணிப் புறக்கணிப்பு என அடுத்தடுத்து அடிகள் விழுந்தன. 1930களின் இறுதியில் இந்தியா வாங்கிய அளவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா இந்தியாவுக்கே சுமார் 130 கோடி பவுண்டு கடன்பட்டிருந்தது. 1950களின் இறுதியில் ஏற்றுமதியைவிட அதிகப் பருத்தித் துணியை இறக்குமதி செய்யும் நாடாக அது மாறியது. ஹார்விகளின் மதுரா மில்ஸ் 1974இல் கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. கரிசல் சீமையிலோ, 1901இல் ஆங்கில அரசு கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மானாவாரிப் பயிர்களுக்காக இயங்குகிறது.